ரவுட்டருக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி

மார்ச் 3

அன்புள்ள சுண்டுவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். கைக்கெட்டும் தூரத்தில் போனை வைத்துக்கொண்டு, இந்தக் காலத்தில் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாளே, இவளுக்கு என்ன வந்தது என்று நினைப்பாய். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் என் போனை வாங்கிப் பார்ப்பது உன் அண்ணனின் வழக்கம். உனக்கு எழுத வந்ததை உனக்கு மட்டும் எழுத வேறு வழி தோன்றவில்லை. பதில் போடுவதானால் எங்கள் கீழ்த்தளத்துத் தையல் கடைக்குப் போடு. அந்த அக்கா என்னிடம் சேர்த்துவிடுவார்.

ஹாலில் ரவுட்டருக்குப் பக்கத்தில் நீ வைத்துவிட்டுப் போன கறுப்புப் பெட்டி நன்றாக ஓடுகிறது. அதைப் பற்றித்தான் கேட்க வந்தேன்.

நீ அதைக் கொண்டுவருவதற்கு முன்னால் எங்கள் வீடு எப்படி ஓடியது என்று உனக்குத் தெரியாது. உன் அண்ணனுக்கு நாள் முழுக்க இடிபட்ட கார்களைப் பார்க்கிற வேலை. காப்பீடு கேட்டு வருகிறவர் என்ன கதை சொன்னாலும், "படம் இருக்கா?" என்பார். வீட்டிலும் அதே கேள்விதான். கடைக்குப் போனால் பில், அம்மாவிடம் பேசினால் அழைப்புப் பட்டியல், வெளியே நின்றால் மேப். "ஸ்க்ரீன்ஷாட் அனுப்பு." அனுப்பி அனுப்பி அலுத்துப்போய்த்தான், நீ வந்திருந்தபோது, எடுத்தவுடன் தானாகப் போய்ச் சேர ஏதாவது வழி உண்டா என்று கேட்டேன். கேட்டது நான்தான், மறுக்கவில்லை. நீயும் சிரித்துக்கொண்டே என் போனில் எடுத்த படமெல்லாம் பெட்டிக்குப் போகும்படி ஓர் ஆப்பைப் போட்டுக் கொடுத்தாய்.

போன வாரம் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே டெக்னீஷியன் தேவை என்று விளம்பரம் பார்த்தேன். கல்யாணத்துக்கு முன்பு நான் பார்த்த வேலை. எண் மறந்துவிடக் கூடாதே என்று ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்தேன். கொஞ்ச நேரத்திலேயே பயம் வந்து அழித்தும்விட்டேன். அன்று இரவு சாப்பிடும்போது உன் அண்ணன் தட்டைப் பார்த்தபடியே, "அந்த சென்டர் ரொம்ப தூரம். ரெண்டு பஸ் மாறணும்" என்றார். நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

நான் போனில் அழித்தால் உன் பெட்டியிலும் அழியுமா, அழியாதா? அதை மட்டும் சொல். வேறு எதுவும் வேண்டாம்.

அண்ணி

மார்ச் 11

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. அழியாது. போனில் என்ன செய்தாலும் பெட்டிக்குள் போனது போனதுதான்.

கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன். இனி நான் சொல்வதையும் கேளுங்கள். அப்பா போனபோது எனக்குப் பத்து வயது. தன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு என்னைப் படிக்க வைத்தவர் அண்ணன். இன்று ஒரு பெரிய அலுவலகத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன் என்றால் அது அவர் போட்ட பிச்சை. அவர் கேட்டார் என்றுதான் அந்தப் பெட்டியை ஒரு மாதம் உட்கார்ந்து கட்டினேன். நம் குடும்பத்துப் படங்கள் முகம் தெரியாத கம்பெனிக்காரனிடம் கிடக்க வேண்டாம், நம் வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். நல்ல எண்ணம் என்றுதான் எனக்குப் பட்டது.

உள்ளே என்ன இருக்கிறது என்று நீங்கள் அன்றைக்குக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் ஆசையாகச் சொல்லியிருப்பேன். ஒரே பெட்டிக்குள் கன்டெய்னர் என்று தனித்தனி அறைகள். ஓர் அறை படங்களை வாங்கி வைக்கும். ஓர் அறை எது எங்கே இருக்கிறது என்று கணக்கு வைத்துக்கொள்ளும். ஓர் அறை வாசலில் நின்று, யார் நீ, சாவி இருக்கிறதா என்று கேட்கும். ஒன்று படுத்தாலும் மற்றது படுக்காது. நான் சொந்தமாக முதலில் கட்டியது அதுதான். நீங்களோ தட்டில் சாப்பாட்டைப் போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள்.

அண்ணன் ஜாக்கிரதைக்காரர். அதைச் சந்தேகம் என்று நீங்கள் எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்ய? புருஷன் பெண்டாட்டி நடுவில் நாத்தனார் தலையிட்டால் கதை எப்படி முடியும் என்று ஊருக்கே தெரியும். என்னை விட்டுவிடுங்கள்.

சுண்டு

மார்ச் 19

அன்புள்ள சுண்டுவுக்கு,

உன் கோபம் நியாயம்தான். கதவைச் சாத்திக்கொண்டதற்குக் காரணம் சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம். நீ வருவதற்கு முதல் நாள் உன் அண்ணன் என்னிடம், "சுண்டுவுக்கு உன்னைக் கண்டாலே ஆகாது. பேச்சுக் கொடுக்காதே, அப்புறம் மனஸ்தாபம் வரும்" என்றார். உன்னிடம் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா?

உன் அண்ணன் கெட்டவர் என்று நான் எழுதவில்லை. அடிக்க மாட்டார். குடிக்க மாட்டார். குரல்கூட உயராது. எனக்குக் காய்ச்சல் வந்தால் இரவெல்லாம் விழித்து நெற்றியில் ஈரத்துணி போடுவார். அதனால்தான் இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. என் அம்மாவிடம் ஒருமுறை சொன்னபோது, "ஊர்ல புருஷனுங்க வீட்டுக்கே வர்றதில்ல. உன்னை ஒருத்தன் இப்படி உள்ளங்கையில வச்சுப் பார்க்கிறான், உனக்கு வலிக்குதா?" என்றார். அந்தப் பேச்சின் நீளத்தைப் பற்றியும் அன்று மாலை கேள்வி வந்தது.

உள்ளங்கைதான். ஆனால் விரல்கள் மூடியிருக்கின்றன.

உன் அண்ணனைக் கண்டிக்கச் சொல்லவில்லை. அந்தப் பெட்டியைக் கட்டியது நீ. உன்னிடம் சாவி இருக்கும். உள்ளே போய் ஒருமுறை பார். பார்த்துவிட்டு நான் வீணாகப் புலம்புகிறேன் என்று சொன்னால் அதோடு விட்டுவிடுகிறேன்.

அண்ணி

மார்ச் 30

அண்ணிக்கு,

"அவளுக்கு நம்ம வீட்டு ஆளுங்களைப் பிடிக்காது, நீயா போய்ப் பேசாதே." என்னிடம் சொன்னது இது.

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் பெட்டியைத் திறக்காமலே இருந்தேன். திறந்தால் தெரிந்துவிடும், தெரிந்த பிறகு தெரியாததுபோல் இருக்க முடியாது. நேற்று அலுவலகத்திலிருந்து வந்து கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கிறது. ஒவ்வொரு ஸ்க்ரீன்ஷாட்டையும், வந்து சேர்ந்த சில நிமிடங்களில் அண்ணன் திறந்து பார்த்திருக்கிறார். பார்த்ததோடு விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் பெயர் மாற்றி வைத்திருக்கிறார், இடிபட்ட காருக்கு அறிக்கை எழுதுவதுபோல. "கடை. தாமதம். விளக்கம் திருப்தியில்லை." "தாயாருடன் உரையாடல். வழக்கத்தைவிட நீளம்." "ஸ்கேன் சென்டர் விளம்பரம். அழிக்க முயற்சி. நோக்கம் விசாரிக்க."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை இனிமேல்தான். அதன் கீழே இன்னொரு ஃபோல்டர். அதன் பெயர் சுண்டு.

நானும் என் போனில் அதே ஆப்பைத்தானே போட்டிருந்தேன், நம் குடும்பத்துப் பெட்டி என்று. போன வருடம் நானும் என்னோடு வேலை செய்த ஒருவனும் ஒரு மலைப்பக்கம் போய் வந்தோம். டிக்கெட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன். "ரயில் டிக்கெட், இருவர். இரண்டாமவர் யார்?" என்று பெயர் வைத்திருக்கிறார். அந்த வாரம் அண்ணன் போன் செய்து, "என்னமோ மனசுக்குச் சரியாப் படலை, சுண்டு. யாரையும் நம்பி ஏமாந்துடாதே" என்றார். அண்ணனுக்கு என் மனசு எப்படித்தான் தெரிகிறதோ என்று அப்படியே உருகிப்போனேன். அவர் மனதில் பட்டால் ஏதோ காரணம் இருக்கும் என்று அவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன். அவன் ஏன் என்று கேட்டதற்குக்கூட நான் பதில் சொல்லவில்லை.

இங்கிருந்தபடியே அந்தப் பெட்டியை அணைத்துவிட என்னால் முடியும். ஒரு வரி தட்டினால் போதும். சொல்லுங்கள், அணைத்துவிடுகிறேன்.

சுண்டு

ஏப்ரல் 6

அன்புள்ள சுண்டுவுக்கு,

அணைத்துவிடாதே. உன் கடிதம் கிடைப்பதற்குள் ஆத்திரத்தில் அணைத்திருப்பாயோ என்று, மாடி ஏறியதும் முதலில் பெட்டியின் பச்சை விளக்கைத்தான் பார்த்தேன். எரிந்தது. விளக்கு எரிவதைப் பார்த்து எனக்கு நிம்மதி வந்தது என்றால் என் நிலைமையைப் புரிந்துகொள்.

பெட்டி நின்றால் எடுத்ததை மறுபடி ஒவ்வொன்றாக அனுப்பச் சொல்வார். ஏன் நின்றது என்றும் கேட்பார். இப்போதாவது என்ன போகிறது என்று எனக்குத் தெரியும். அதற்குத் தகுந்தாற்போல் நடந்துகொள்கிறேன்.

அந்தப் பையன் விஷயம் படித்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு வேண்டியது வேறு. டெக்னீஷியன் வேலை பார்க்கப் பதிவு ஒன்று உண்டு. அதைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டேன். பதிவு மன்றத்துக்குச் சான்றிதழ்களைக் காட்டி விண்ணப்பித்தால் புதுப்பித்து, பதிவுச் சான்றிதழின் புது நகலும் கொடுப்பார்கள். சான்றிதழ்கள் அவருடைய அலமாரியில் இருக்கின்றன. கல்யாணமான புதிதில், "பத்திரமா இருக்கட்டும்" என்று வாங்கி வைத்தார். கேட்டால், "எதுக்கு?" என்பார்.

தையல் அக்காவின் போனில் எதையும் அனுப்பவோ வாங்கவோ முடியும். ஆனால் அனுப்புவதற்குக் கையில் ஒன்றும் இல்லையே.

அண்ணி

ஏப்ரல் 16

அண்ணிக்கு,

முதல் காரியம் முடிந்தது. எப்படி என்று கேட்டால் சிரிப்பீர்கள், அல்லது என்னைத் திட்டுவீர்கள்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். "அண்ணா, பெட்டியில படம் மட்டும் இருந்தா போதாது. வீட்டுப் பத்திரம், சான்றிதழ், எல்லாத்தையும் ஒரு காப்பி போட்டு வச்சுடுங்க. நாளைக்குத் தீப்பிடிச்சா, வெள்ளம் வந்தா என்ன பண்றது?" என்றேன். அவருக்கு அந்த யோசனை அவ்வளவு பிடித்துப்போயிற்று. "இதை நான் முன்னாடியே யோசிச்சிருக்கணும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து ஸ்கேன் செய்திருக்கிறார். நீங்கள் பார்த்திருப்பீர்கள். கலரில், முன்பக்கம் பின்பக்கம், மூலைகூட மடங்காமல். உங்கள் ஒவ்வொரு சான்றிதழுக்கும் வருடம் போட்டுப் பெயர் வைத்திருக்கிறார். அவரைப்போல இவ்வளவு ஒழுங்காக வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

என் அறையில் ஒரு பழைய லேப்டாப் சும்மா கிடந்தது. அண்ணன் வீட்டுப் பெட்டியில் இருக்கிற அதே கன்டெய்னர்களை இதில் ஏற்றினேன். எங்கே கொண்டுபோய் வைத்தாலும் அப்படியே ஓடும் என்பதுதான் அவற்றின் வசதி. அங்கே ஒரு மாதம் ஆனது இங்கே ஒரு மாலையில் முடிந்தது. உங்கள் சான்றிதழ்களை மட்டும் இங்கே நகல் எடுத்து வைத்திருக்கிறேன். இதற்குச் சாவி இரண்டு பேரிடம்தான், உங்களிடமும் என்னிடமும்.

முகவரியைத் தனித் துண்டில் எழுதியிருக்கிறேன். தையல் அக்காவின் போனில் அதைத் தட்டினால் ஒரு வெள்ளைப் பக்கம் வரும். பாஸ்வேர்ட் கேட்கும். நீங்கள் முதன்முதலில் எக்ஸ்ரே எடுத்த நோயாளிக்கு என்ன உடைந்திருந்தது என்று ஒருமுறை என் காதுபட உங்கள் அம்மாவிடம் சொன்னீர்கள். அந்த வார்த்தைதான், நடுவில் இடைவெளி இல்லாமல். துண்டைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். உங்கள் போனில் அந்த முகவரியைத் திறக்கவே திறக்காதீர்கள்.

அண்ணனை ஏமாற்றினேன். "நன்றிம்மா சுண்டு" என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. தூக்கம் சரியாக வரவில்லை.

சுண்டு

மே 2

அன்புள்ள சுண்டுவுக்கு,

"இடதுமணிக்கட்டு." முதல் தடவையே திறந்துவிட்டது.

தையல் அக்கா வெட்டும் மேசையில் துணிகளை ஒதுக்கி இடம் கொடுத்தார். என் பெயர் போட்ட சான்றிதழ் அந்தச் சின்னத் திரையில் வந்ததும் அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "இவ்வளவு படிச்சிருக்கியா? என்கிட்ட வந்து பொத்தான் தைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கே" என்றார். அங்கிருந்தே பதிவு மன்றத்துக்கு அனுப்பினோம். ஸ்கேன் சென்டருக்கும் அனுப்பினோம். எண் கேட்ட இடத்தில் அக்காவின் எண்ணைத்தான் கொடுத்தேன்.

வியாழக்கிழமை அந்தப் போனிலேயே நேர்காணல். பின்னால் தொங்கும் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, மூச்சுத் திணறும் நோயாளியை எப்படி நிறுத்தி நெஞ்சுப் படம் எடுப்பேன் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். பாதியில் என் போன் அதிர்ந்தது. "எங்கே? மேப் அனுப்பு." பேச்சை நிறுத்தாமல் மேசைக்கு அடியில் ஒரு கையால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தேன். மேப்பில் புள்ளி எங்கள் கட்டடத்தின் மேலேயே இருந்தது. பொய் இல்லை. என் வீட்டுக்குக் கீழேதான் இருந்தேன்.

நகல் சான்றிதழ் கைக்கு வந்ததும் ஜூன் முதல் தேதி வந்து சேரச் சொல்லிவிட்டார்கள்.

சந்தோஷமா பயமா என்று பிரிக்கத் தெரியவில்லை. வேலை கிடைத்தது சரி, அதற்குப் போவது எப்படி? இவரைத் தாண்டித்தானே வாசல்?

அண்ணி

மே 12

சுண்டு,

தெரிந்துவிட்டது.

என் எண்ணை எங்கும் கொடுக்கவில்லை என்றுதான் இருந்தேன். பதிவு மன்றத்தில் பழைய காலத்திலிருந்தே என் எண் இருந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை அவர் வழக்கம்போல அழைப்புப் பட்டியல் கேட்டார். நான் ஸ்க்ரீன்ஷாட் எடுத்த அதே நொடியில் திரையின் மேலே செய்தி வந்து விழுந்தது. "உங்கள் நகல் சான்றிதழ் தயார். நேரில் பெற்றுக்கொள்ளவும்." அதுவும் படத்தில் விழுந்துவிட்டது. நான் கவனிப்பதற்குள் அது பெட்டிக்குப் போய்விட்டது.

மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார். சத்தம் போடவில்லை. தண்ணீர் குடித்தார். "ஒரிஜினல் என் அலமாரியில இருக்கு. அது இல்லாம எதை வச்சு நகல் வாங்கினே?" என்று கேட்டார். அலமாரியைத் திறந்து பார்த்தார். அப்புறம் ஹாலுக்குப் போய்ப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் தொழிலே அதுதானே, எங்கே இடித்தது என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவார். "சுண்டுவா?" என்றார். அவர் முகம் அப்படி வெளிறி நான் பார்த்ததே இல்லை.

போனை வாங்கிக்கொண்டார். விடுப்பு எடுத்து வீட்டில் இருக்கிறார். கதவைப் பூட்டவில்லை, பூட்ட அவசியமும் இல்லை. ஹாலில் நாற்காலியைப் போட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். நான் எழுந்தால் நிமிர்கிறார். அவ்வளவுதான். தையலுக்குக் கொடுத்த துணியை எல்லாம் வாங்கிவிடச் சொல்லிவிட்டார். அளவு சரியில்லாத சட்டை ஒன்றை அக்காவுக்குத் திருப்பி அனுப்புகிறேன். அதன் மடிப்புக்குள் இது இருக்கும். துணியோடு வந்த வெட்டுக் காகிதத்தின் பின்பக்கம் எழுதுகிறேன், மன்னித்துக்கொள்.

அவர் உன்னிடம் வருவார். நீ எதையும் ஒப்புக்கொள்ளாதே. பழி என்மேலேயே இருக்கட்டும்.

அண்ணி

மே 20

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணன் வந்தார். நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று எழுதியது அவர் போன பிறகுதான் வந்தது. வந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

என் அறையில் ஒரே நாற்காலி. அதில் அவர் உட்கார்ந்தார், நான் கட்டிலில். லேப்டாப் மேசையில் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார்.

"நீதானா?"

"ஆமாண்ணா."

"என்னை வச்சே ஸ்கேன் பண்ண வச்சியே."

"ஆமாண்ணா."

"உன்னை நான்தான் படிக்க வச்சேன், சுண்டு" என்றார்.

"நீங்கதான் படிக்க வச்சீங்க. இல்லைன்னு நான் எப்பவும் சொல்ல மாட்டேன். ஆனா என் ஃபோல்டரை நான் பார்த்துட்டேன்" என்றேன்.

அவர் தலை குனிந்துகொண்டார். "அக்கறையிலதான் பண்ணேன். யாராவது உன்னை ஏமாத்திடுவாங்கன்னு. அப்பா போனப்போ எல்லாரும் வந்து என்னென்னமோ சொன்னாங்க, பார்த்துக்கறோம்னாங்க. எவன் பார்த்தான்? அன்னையிலேர்ந்து எவன் சொல்றதையும் நம்ப முடியலை எனக்கு" என்றார். அண்ணி, அவர் அழுதார். நான் எழுந்து போய்த் தோளைத் தொட வேண்டும்போல இருந்தது. தொட்டிருந்தால் எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லியிருப்பேன். அதனால் கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன்.

போகும்போது பெட்டியின் சாவியைக் கேட்டார். கொடுத்துவிட்டேன். அது அவர் வீட்டுப் பெட்டி. இந்த லேப்டாப்பின் சாவியையும் கேட்டார். தரவில்லை.

பதிவு மன்றத்தில் தையல் அக்கா நீங்கள் சட்டைக்குள் வைத்து அனுப்பிய கையெழுத்துத் தாளைக் காட்டி நகலை வாங்கிவிட்டார். இந்தக் கடிதத்தையும் திருத்திய சட்டைக்குள் வைத்து அவரே மேலே அனுப்புவார். ஸ்கேன் சென்டருக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு மகளிர் விடுதியில் இடம் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தையல் கடையில் இருப்பேன், வண்டியோடு. நான் மேலே வர மாட்டேன். வந்தால் அவருக்கும் எனக்கும் சண்டையாகி, நீங்கள் நடுவில் நிற்பீர்கள். நீங்களாக இறங்கி வர வேண்டும். வராவிட்டால் மதியம் வரை காத்திருந்துவிட்டுப் போய்விடுவேன், ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன்.

சுண்டு

ஜூன் 14

அன்புள்ள சுண்டுவுக்கு,

அன்று வண்டியில் நீ என் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி வந்தாய். மாடியில் என்ன நடந்தது என்று நீ கேட்கவில்லை. இப்போது எழுதுகிறேன்.

பையை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். அவர் நாற்காலியில் இருந்தார். நான் செருப்புப் போடும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து தடுப்பார் என்று நினைத்தேன். தடுத்திருந்தால் ஒருவேளை உட்கார்ந்திருப்பேன். அவர், "எப்ப வருவே?" என்று கேட்டார். கடைக்குப் போகும்போது கேட்கிற அதே குரல்.

"தெரியலை" என்றேன்.

எத்தனையோ வருடமாக அந்தக் கேள்விக்கு நான் நேரம் சொல்லித்தான் பழக்கம். அந்தப் பதிலை வாங்கி எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. "போன் வேணாமா?" என்றார். டீப்பாயில் இருந்தது. வேண்டாம் என்றேன். படி இறங்கும்போது அவர் கதவைச் சாத்தும் சத்தம் கேட்கவே இல்லை. திறந்தே வைத்துக்கொண்டு நின்றிருப்பார் என்று நினைக்கிறேன். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

விடுதியில் மூன்று பேருக்கு ஓர் அறை. ஒருத்தி பல் மருத்துவமனையில் வேலை, இன்னொருத்தி கண்ணாடிக் கடையில். என் கட்டில் ஜன்னலோரம். ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் சுவர், அவ்வளவுதான். இரவில் யாராவது வராந்தாவில் நடந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். வேலை மறக்கவில்லை. கை முதல் நாளே எல்லாவற்றையும் நினைவில் கொண்டுவந்துவிட்டது.

புதுப் போன் வாங்கிவிட்டேன். இருந்தாலும் உனக்குக் கடிதம்தான். பழகிவிட்டது.

அண்ணி

ஜூலை 2

அன்புள்ள அண்ணிக்கு,

ஒரு விஷயம். சொல்வதா வேண்டாமா என்று இருதலைக் கொள்ளி எறும்பாக இருந்தேன்.

அண்ணன் போன வாரம் போன் செய்தார். "பெட்டியில இடம் இல்லைன்னு வருது. எனக்கு ஒண்ணும் புரியலை. வந்து பாரு" என்றார். சாவியை அவரே திருப்பி அனுப்பினார். இங்கிருந்தபடியே உள்ளே போனேன்.

உங்கள் ஃபோல்டர் காலியாக இருந்தது. எல்லாவற்றையும் அழித்திருக்கிறார். என்னுடையதையும். அவர் பெயரில் புதிதாக ஒன்று. அதுதான் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. காலையில் எழுந்ததும் ஒரு படம், அலுவலகம் போனதும் ஒரு மேப், சாப்பிட்ட தட்டு, கடை பில், அழைப்புப் பட்டியல். உங்கள் பழைய எண்ணுக்கு, தன் மேசைமேலேயே கிடக்கிற அந்தப் போனுக்கு, அவரே போன் செய்து அதையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறார். இரவில் ஹாலில் விளக்கை அணைத்துவிட்டு எடுத்த படங்கள்கூட இருக்கின்றன. அவற்றில் ஒன்றுமே தெரியவில்லை, வெறும் இருட்டு.

"அவளுக்கு அந்த லிங்க்கை அனுப்பு, சுண்டு" என்றார். "நான் எங்கே இருக்கேன், என்ன பண்றேன்னு எல்லாம் அவ பார்க்கட்டும். ஒண்ணையும் மறைக்கலை. பார்த்தா நம்புவா."

இடத்தைச் சரிசெய்து கொடுத்தேன். லிங்க் அனுப்புகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் தினமும் கேட்கிறார். நான் இல்லாவிட்டால் அவருக்குப் பேசக்கூட யாரும் இல்லை. நீங்கள் வெளியே போய்விட்டீர்கள். நான் இன்னும் உள்ளேதான் இருக்கிறேன் என்று சில நேரம் தோன்றுகிறது.

என்ன செய்யட்டும்?

சுண்டு

ஜூலை 11

அன்புள்ள சுண்டுவுக்கு,

லிங்க் வேண்டாம். அனுப்பினாலும் திறக்க மாட்டேன் என்று அவரிடம் நான் சொன்னதாகவே சொல்லிவிடு. உன் தலையில் அந்தப் பாரம் வேண்டாம்.

அவர் என்ன சாப்பிட்டார் என்று நான் கேட்கவில்லை. நான் கேட்டது இந்தக் கணக்கை இல்லை என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது? உன் கடிதத்தைப் படித்துவிட்டு, அந்த இருட்டுப் படங்களை நினைத்து, போய்ப் பார்க்கலாமா என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. இதையும் உன்னிடம் மறைக்கவில்லை. ஆனால் போகவில்லை. நீ அவருடன் பேசு. அவர் உன் அண்ணன், அது எனக்கு வருத்தமில்லை. அந்தப் பையனுக்கும் ஒரு வரி எழுது. திரும்ப வருகிறானோ இல்லையோ, அவன் கேட்ட கேள்விக்காவது பதில் கிடைக்கட்டும்.

நேற்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். காலையில் ஆற்றின் எதிர்க்கரையில் ஒரு நோயாளி வீட்டுக்குப் போய்ப் படத்தைக் கொடுத்துவிட்டு சென்டருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பஸ் பாலத்தின்மேல் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கினோம். நான் இறங்கியதும் என்ன செய்தேன் தெரியுமா? பஸ்ஸை முன்னால் இருந்து ஒரு படம், பின்னால் இருந்து ஒரு படம், பலகையோடு ஒன்று. நேரம் தெரிகிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட், மேப். யாரும் என்னிடம் கேட்கவில்லை. மற்றவர்கள் எல்லாம் பேசிக்கொண்டு நடந்து போகிறார்கள், நான் மட்டும் சக்கரத்தைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

சென்டருக்குள் நுழைந்ததும் தலைமை டெக்னீஷியன் அம்மா நிமிர்ந்து பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் போனை நீட்டினேன். "மேடம், பஸ் நின்னுடுச்சு, இதோ பாருங்க, இது பாலம், இது நேரம்" என்று விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினேன்.

அவர் போனைப் பார்க்கவே இல்லை. கையுறையை மாட்டிக்கொண்டே, "நின்னுடுச்சா? சரி. அடுத்தவரை உள்ள கூப்பிடு" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

வெளியே பெஞ்சில் ஒரு பெரியவர் கையைத் தூளியில் போட்டுக்கொண்டு காத்திருந்தார். நான் போனை நீட்டியபடியே அங்கே நின்றுகொண்டிருந்தேன். கையை எப்போது இறக்கினேன் என்று எனக்கு நினைவில்லை.

அண்ணி